ஐந்தாவது போல்ட்

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் இறங்கி வடக்கே திரும்பி நடந்தால் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம், அப்புறம்தான் கண்ணில் படும் ஊர். இருநூறு விசைத்தறியும் நூற்றிப்பத்து வீடும் ஒரு மாரியம்மன் கோயிலும் உள்ள அந்த ஊஞ்சக்காட்டுப் புதூரில், எங்கள் ஊரில், தெய்வானையின் பள்ளிக்கூட வேன் ஆறு வருஷமாக வளர்ந்துகொண்டிருந்தது.

வாங்கியபோது அது பன்னிரண்டு பேர் உட்காரும் சாதாரண வேன்தான். தெய்வானை எட்டாவதோடு படிப்பை விட்டவள். இருபது வருஷம் அடுத்தவர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்து, பிறகு ஒருநாள் அம்மா விட்டுப்போன இரண்டு தறிகளையும் விற்று, வண்டி ஓட்டப் பழகி, பச்சை ரெக்சின் சீட் போட்ட பழைய வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து ஊர் நடுவில் நிறுத்தினாள். உங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது இனி என் வேலை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். நாங்கள் சிரித்தோம், அதை மறைப்பானேன். பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர் தள்ளி, நடுவில் நாலுவழிச் சாலை, பஸ் கிடையாது. எங்கள் பிள்ளைகள் ஐந்தாவது முடித்ததும் தறிக்கு வருவது நாங்களும் எங்கள் அப்பன்மாரும் வந்த அதே வழியில்தான், அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக நினைவில்லை.

ஆனாலும் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பதின்மூன்றாவதாக ஒரு பிள்ளை வந்து, இடமில்லாமல் நின்றுகொண்டே போய்விட்டு வந்த மறுநாள் காலையில், வேனில் பதின்மூன்றாவது சீட் இருந்தது. அதே பச்சை ரெக்சின், மற்ற சீட்டுகளில் கிழிந்திருந்த அதே மூலையில் அதே கிழிசல். தெய்வானை வேனைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள், நீளம் ஒரு முழம் கூடியிருந்தது, சரி என்று சாவியைப் போட்டுக் கிளப்பினாள். பதினான்காவது பிள்ளை வந்தது, பதினான்காவது சீட் வந்தது. அப்படியே இருபது, அப்படியே இருபத்தைந்து. ஒரு குடும்பம் பிழைப்புக்குத் திருப்பூர் போய்ப் பிள்ளையின் பெயரை எடுத்தபோது, மறுநாளே ஒரு சீட் குறைந்து வேன் தன்னை ஒரு முழம் இழுத்துக்கொண்டு சரியாக நின்றது.

ஊர் இதற்குப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். முனை வீட்டுக்காரர் வேன் திரும்ப இடைஞ்சலாக இருந்த துணி துவைக்கும் கல்லை ஒவ்வொரு வருஷமும் அரை அடி உள்ளே நகர்த்தினார். மின்வாரிய லைன்மேன் வந்து கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டு, அடுத்த வருஷமும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கோயில் கமிட்டி புது வளைவு கட்டும்போது அகலம் எவ்வளவு வைப்பது என்று தெய்வானையைத்தான் கேட்டது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கைகளின் எண்ணிக்கையும் யாரும் எழுதாமலே மாறிக்கொண்டு வந்ததால், வருஷாவருஷம் வண்டி ஓடத் தகுதியா என்று எஃப்.சி. பார்க்கிற அதிகாரி புத்தகத்தைப் புரட்டி, வேனை எண்ணி, இரண்டும் ஒன்றாக இருப்பதைக் கண்டு, வேறு கேள்விக்கு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். காலியிடம் வைத்திருந்த ஒருவர் வேனைத் தன் இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார், கூடவே இடமும் வளருமே என்று; நிறுத்தியும் இடம் வளரவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் வந்து பார்த்தார்கள், வளர்வது கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் இல்லை என்றதும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

புதிதாகச் சேரும் பிள்ளையின் பெயரை, வேன் நிறுத்துகிற கொட்டகையின் சுவரில் தெய்வானை சுண்ணாம்பால் எழுதுவாள். ஆறாவது வருஷம் அந்தச் சுவரில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயருக்கு முந்தின பெயர் சுபிக்ஷா. ஒன்பதாவது படித்தாள், கணக்கில் கெட்டிக்காரி, தறி ஓட்டும் செங்கோடனின் மூத்த மகள். எங்கள் வாய்க்கு அந்தப் பெயர் வராது. சுபிச்சா என்றுதான் கூப்பிடுவோம்.

வேன் வளர்ந்தது, வீல் வளரவில்லை. அங்கேதான் மாரப்பன் வருகிறார்.

மாரப்பன் சங்ககிரி பைபாஸில் வீல், டயர் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் வியாபாரம் நடந்ததைவிட வியாபாரம் மறுக்கப்பட்டதே அதிகம். பளபளக்கிற வீலை வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு, அதை மாட்டிக்கொடுக்கச் சொல்லி ஆட்கள் வருவார்கள். மாரப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போல்ட் எத்தனை, போல்ட் நிற்கிற வட்டம் எவ்வளவு, நடு ஓட்டை எவ்வளவு, வீல் உள்ளே எவ்வளவு போகும், வெளியே எவ்வளவு துருத்தும் என்று ஒவ்வொன்றாக அளந்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, "பொருந்தாதுங்க" என்பார். தட்டி ஏற்றிவிடலாமே என்றால், பக்கத்துக் கடை தட்டித்தான் ஏற்றும், அங்கே போங்க என்று வழி காட்டுவார். முப்பது வருஷத்தில் அளந்து முடித்ததும் அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை என்று சொல்வார்கள். பொருந்தினால் பேசாமல் மாட்டிவிடுவார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: வெறும் வண்டியில் அளவு எடுக்க மாட்டார். யார் யார் ஏறுவார்களோ அத்தனை பேரும் ஏறி உட்கார வேண்டும். வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். டயரின் ஓரத்தில் கோலமாவைப் பூசி, ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடித்து, உள்ளே இருப்பவர்களை எழுந்து எழுந்து உட்காரச் சொல்லி, பிறகு மட்கார்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் டயர் உரசுகிறது என்று அர்த்தம். கல்யாண மாப்பிள்ளை வண்டி என்றால் மாப்பிள்ளையின் மாமன் மச்சான் எல்லாரையும் கூட்டிவரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதனால்தான் எல்லா வருஷமும் ஏப்ரலில், பரீட்சை முடிகிற அன்று, தெய்வானை வேன் நிறைய பிள்ளைகளோடு அவர் கடைக்குப் போவாள். பிள்ளைகள் மாரப்பன் எண்ணுகிற எண்ணிக்கைக்குக் குதிப்பார்கள். காலியாக நிற்கும்போது தளர்ந்து கிடக்கிற அந்த வேன், எல்லாரும் உட்கார்ந்ததும் இறுகித் தன் சரியான அளவுக்கு வந்து நிற்பதை முதல் வருஷமே கண்டுகொண்டவர் மாரப்பன். அது ஏன் என்று அவர் கேட்கவில்லை. அளவு கிடைத்தால் அவருக்குப் போதும்.

முதல் இரண்டு வருஷம் பெரிய வேனின் வீல் போட்டார், அடுத்த வருஷங்களில் மினி லாரி வீல். அதுவும் சிறுத்துப்போய், டயர் உரசி உரசி உள்ளே நூல் தெரிய ஆரம்பித்த இந்த ஏப்ரலில், முப்பத்தொரு பிள்ளைகளையும் உட்காரவைத்து, போல்ட்டுகள் மேல் அட்டையை அழுத்திப் பதிவெடுத்துப் பார்த்தவர், இந்த அளவுக்கு எந்தக் கம்பெனியும் வீல் செய்வதில்லை என்று சொன்னார். கோயம்புத்தூரில் தனக்குத் தெரிந்த வார்ப்புப் பட்டறைக்கு அந்த அட்டையையே அனுப்பி நாலு வீல் வார்க்கச் சொன்னார். பழைய வீலையும் டயரையும் அன்றைக்கே கழற்றி வைத்துக்கொண்டார். நூல் தெரிகிற டயரில் பிள்ளைகளை ஏற்றினால் தெய்வானையே ஆனாலும் பேச மாட்டேன் என்றார். அவருடைய ரெக்கவரி வண்டி வேனைத் தூக்கிவந்து கொட்டகையில் ஜாக்கிமேல் உட்காரவைத்துவிட்டுப் போனது. கோடை விடுமுறை முழுவதும் வேன் அப்படியேதான் இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது என்றால், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை புது வீல்கள் வந்து இறங்கின. மாரப்பனும் வந்து இறங்கினார். பிள்ளைகளை ஏற்றுங்கள் என்றார். தெய்வானை சுவரைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். சுபிக்ஷா என்றபோது யாரும் ஏறவில்லை.

அவள் மே மாதமே போய்விட்டாள். திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை செய்கிற அத்தை, லீவுக்கு இருந்துவிட்டு வரட்டும் என்று கூட்டிப் போனவள் அங்கேயே சேர்த்துவிட்டாள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை, வயதைப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டார்கள், செங்கோடன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். எங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெய்வானையிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

முப்பது பேரை வைத்து மாரப்பன் வீலைத் தூக்கிப் பொருத்தினார். நாலு போல்ட்டுகள் நாலு ஓட்டைகளில் நேராக வந்து நின்றன. ஐந்தாவது போல்ட், ஓட்டையின் விளிம்பில் ஒரு மயிரளவு தள்ளி, உள்ளே வராமல் நின்றது. அடுத்த சக்கரத்துக்குப் போனார், அங்கும் நாலு சேர்ந்தது, ஐந்தாவது சேரவில்லை. நாலு சக்கரத்திலும் அதே கதை. அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தார், வீல் அட்டைக்குச் சரியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"வட்டம் தப்புன்னா அஞ்சும் வெலகோணும். நாலு நேரா நிக்குது, ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குது. இது இரும்புக் கோளாறு இல்ல அம்மிணி. ஒரு ஆளு குறையுது."

அன்று பகல் முழுக்க நாங்கள் அடித்த கூத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுபிக்ஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் எடுத்த எடை முப்பத்தாறு கிலோ என்று யாரோ சொல்ல, நூல் எடை போடும் தராசில் முப்பத்தாறு கிலோ நூல்கோன்களை மூட்டை கட்டி அவள் சீட்டில் வைத்தோம், போல்ட் நகரவில்லை. அவள் வயதில் விருந்தாளியாக வந்திருந்த ஒரு பெண்ணை உட்காரவைத்தோம். அவளுக்கு வேன் தனியாக முப்பத்திரண்டாவது சீட் போட ஆரம்பித்துத் தகரம் முனகியதும் அவசரமாக இறக்கிவிட்டோம். சுபிக்ஷாவின் பாவாடையைக் கொண்டுவந்து விரித்தோம். கடைசியில் ஒருவர், அந்த ஒரு ஓட்டையை மட்டும் ராவிப் பெரிதாக்கினால் என்ன, மயிரளவுதானே என்றார். மாரப்பன் அரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ராவலாம், நாளைக்கு நாலுவழிச் சாலையில் வீல் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமும் கிடக்கும், அப்போது இந்த அரத்தை யார் கையில் வைத்துக்கொள்வது என்று கேட்டார். அரத்தை யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் திருப்பூர் போன பிள்ளை எங்களுக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் குடும்பம் போகும்போது சுவரில் பெயரை அழித்தது, வேன் தானாகச் சுருங்கிச் சரியாக நின்றது. இப்போதும் அழித்துவிட்டால்? முப்பது பெயருக்கு முப்பது சீட், போல்ட்டும் தானாகச் சேர்ந்துகொள்ளாதா? எல்லாரும் மாரப்பனைப் பார்த்தோம். பொய் சொல்லத் தெரியாத மனிதர், தலையைக் குனிந்துகொண்டு, சேர்ந்துகொள்ளும், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார்.

ஆக வழி இருந்தது. திங்கட்கிழமை வேன் ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் வேன் இல்லை என்று பிள்ளைகள் தறிக்கு உதவியாக வருவார்கள், இரண்டாம் நாளும் வருவார்கள், ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். முப்பது பிள்ளைகளா, ஒரு பிள்ளையா? ஏற்கெனவே போய்விட்ட பிள்ளைதானே? ஆறு வருஷத்துக்கு முன் தெய்வானையைப் பார்த்துச் சிரித்த நாங்கள், இப்போது எங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக அவளிடம் மன்றாடினோம், ஒரே ஒரு பெயரை அழி என்று.

தெய்வானை சுவருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எழுதுன பேர நான் அழிக்க மாட்டேன். அழிக்கோணும்னா அவங்கப்பன் வந்து அழிக்கட்டும்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செங்கோடன் வந்தான். கையில் ஈரத்துணி இருந்தது. அவனை அனுப்பியது நாங்கள்தான். செங்கோடன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மகள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் தறிப்பக்கம் போகாமல் கிடந்தவன். ஒன்பது படித்தது போதும் என்று உண்மையாகவே நம்பினான், அவனுக்கு யாரும் அவ்வளவுகூடப் படிக்கவைக்கவில்லை. ஊரே சுற்றி நிற்க, துணியைப் பிழிந்துகொண்டு சுவருக்குக் கிட்டே போனான். தெய்வானை எழுந்து வழிவிட்டாள். அவள் தடுப்பாள், சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்திருந்த எங்களுக்கு ஏமாற்றம்தான்.

"செங்கோடா, ஒண்ணு கேக்கறேன். சொல்லிப்போட்டு அழி. தறி ஓடறப்ப பாவுல ஒரு இழ அறுந்தா என்ன செய்வே?"

"தறிய நிறுத்திப்போட்டு முடிச்சுப் போடுவேன்."

"நாலாயிரம் இழயில ஒண்ணுதானே போச்சு. ஓடட்டும்னு உட்டுற வேண்டியதுதானே?"

அதற்கு என்ன பதில் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். அறுந்த இழையை விட்டுவிட்டு ஓட்டினால், துணியில் அந்த இடத்தில் மட்டுமில்லை, நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் முடிகிறவரை நெடுக ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும், அந்தத் துணியை எந்தக் கடைக்காரனும் தொட மாட்டான். இந்த ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் அது தெரியும். அறுந்த இழைக்காக ஒரு நாளைக்கு நாற்பது முறை தறியை நிறுத்துகிறவர்கள் நாங்கள்.

ஈரத்துணி சுவரைத் தொடுகிற தூரத்தில் இருந்தபோது ஒரு தறி நின்றது.

இருநூறு தறிகளின் சத்தத்தில் ஒரு தறி நிற்பது வெளியாருக்குக் கேட்காது. எங்களுக்குக் கேட்கும், எது யாருடைய தறி என்பதும் தெரியும். நின்றது செங்கோடனின் தறி. அவன் இல்லாத நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்கிற அவன் மனைவி சாந்தாமணி, சுவிட்சை அணைத்துவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சோடு வாசலுக்கு வந்து நின்றாள். மகளை மில்லுக்கு அனுப்பியபோது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வீட்டுத் தறி நின்றது. அதற்கடுத்தது. பெண்கள்தான் நிறுத்தினார்கள், ஒருவர் பின் ஒருவராக, தெரு தெருவாக, வடக்குக் கோடிவரை. முதன்முறையாக எங்கள் ஊரில் கரண்ட் இருக்கும்போதே வேலைநாள் பகலில் சத்தம் இல்லாமல் போனது; கோழி கொத்துவது கேட்டது, கோயில் மணியின் கயிறு காற்றில் உரசுவது கேட்டது, நாங்கள் விடுகிற மூச்சு எங்களுக்கே கேட்டது. எங்களுக்கு அவமானமாக இருந்தது.

செங்கோடன் துணியைச் சுவரின் கீழே போட்டான்.

"நாளைக்குச் சங்ககிரியில மொத பஸ்ஸப் புடிச்சுப் போலாமுங்கக்கா," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை செங்கோடனும் சாந்தாமணியும் தெய்வானையும் போனார்கள். தெய்வானை ஒரு பையில் சுபிக்ஷாவின் வயது போட்ட பள்ளிக்கூடச் சான்றிதழையும், என்ன நினைத்தாளோ, ஒரு வீல் நட்டையும் எடுத்துப்போனாள். மில் வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை, மேனேஜர் வந்து மூன்று வருஷம் முடியட்டும் என்றார், கையெழுத்தைக் காட்டினார், பதிவேட்டைத் திறந்து பதினெட்டு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். அந்த விரலைச் செங்கோடன் பார்த்துக்கொண்டே நின்றதாக சாந்தாமணி பிறகு சொன்னாள். வாசலில் டீக்குடிக்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, அவன் சத்தமாகச் சொன்னான்:

"எம்புள்ளைக்குப் பதினாலு வயசு. நாந்தான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார், தெய்வானை நீட்டிய சான்றிதழைப் பார்த்தார், பதிவேட்டை மூடினார். அரைமணி நேரத்தில் சுபிக்ஷா பெட்டியோடு வெளியே வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், தெய்வானையைக் கட்டிக்கொண்டாள், அப்பாவிடம் பெட்டியைக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தறிகளைப் போடாமலே ஊர் மொத்தமும் கொட்டகைக்கு முன்னால் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுபிக்ஷா வந்தாள். நாற்பது நாளில் கன்னம் ஒட்டி, சீருடை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் யாரோ அவளைத் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள், முப்பத்தொன்றுதான் இருந்தாள். ஐந்து கிலோ குறைகிறதே, அளவு எடுத்தது முப்பத்தாறுக்கு அல்லவா, மயிரளவுக்கே வராத போல்ட் இதற்கு எப்படி வரும் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். மாரப்பன் திரும்பிப் பார்க்காமல், புள்ளைய ஏறச் சொல்லுங்க என்றார்.

தெய்வானை சுவரைப் பார்த்து முதலிலிருந்து பெயர்களைக் கூப்பிட்டாள். முப்பதாவதாகச் சுபிக்ஷா என்றாள். அவள் படியில் கால் வைத்து ஏறி, குனிந்து நடந்து, தன் சீட்டில் போய் உட்கார்ந்து, கிழிசலில் விரலை விட்டுக்கொண்டாள். கடைசிப் பிள்ளையும் ஏறியதும் வேன் ஒரு முறை முனகி இறுகியது. மாரப்பன் முன்பக்க வீலைத் தூக்கி ஹப்பில் வைத்தார். தட்டவில்லை, அழுத்தவில்லை. வீல் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது, ஐந்து ஓட்டைகளிலும் ஐந்து போல்ட்டுகள் தலை நீட்டின.

தெய்வானை அழுதாள். வண்டி வாங்கிய அன்று நாங்கள் சிரித்தபோதும் அழாதவள், முகத்தை மூடாமல் அழுதாள்.

மில்வரை போய்வந்த அந்த நட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் செங்கோடனிடம் கொடுத்தாள். அவன் மண்டி போட்டு அதை ஐந்தாவது போல்ட்டில் விரலால் திருகி, பிறகு ஸ்பேனரை வாங்கி இறுக்கினான், இறுக்கிக்கொண்டே இருந்தான். போதும் மாப்ளே, போல்ட்டு முறிஞ்சுபோகும் என்று மாரப்பன் அவன் தோளில் கை வைக்க வேண்டியிருந்தது. நாலு சக்கரங்களும் மாட்டியானதும் ஜாக்கியை இறக்கினார்கள். மாரப்பன் டயர்களின் ஓரத்தில் கோலமாவைப் பூசி, தெய்வானையை ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்லி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண, முப்பத்தொரு பிள்ளைகளும் குதித்தார்கள். சுபிக்ஷாவும் குதித்தாள். அவர் படுத்து ஒவ்வொரு மட்கார்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கும் ஒரு வெள்ளைக் கோடு இல்லை. எழுந்து, சட்டையைத் தட்டி, கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் பழைய வார்த்தையைக் கேட்கத் தயாராக நின்றோம்.

"பொருந்துதுங்க," என்றார். அவருக்கே அந்தச் சொல் புதிதாக இருந்திருக்க வேண்டும், மறுபடியும் ஒருமுறை சொன்னார்.

டயரில் மாவு அப்படியே இருந்தது. செங்கோடன் சுவரடியில் இரண்டு நாளாகக் கிடந்த துணியை எடுத்து, குழாயில் நனைத்து, நாலு டயர்களையும் சுற்றிச் சுற்றித் துடைத்தான். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தோம். தெய்வானை சாவியைத் திருகினாள். நாலு பழமும் நசுங்க வேன் நகர்ந்தது, புது வளைவுக்குள் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டுப் போனது, முனை வீட்டுத் துவைக்கல்லைத் தொடாமல் திரும்பியது. பின் கண்ணாடியில் சுபிக்ஷாவின் ஜடை தெரிந்தது. வேன் சாலை ஏறி மறைகிறவரை எந்த வீட்டிலும் யாரும் தறிச் சுவிட்சில் கை வைக்கவில்லை, அன்றைக்கு முதல் எந்த நாளிலும் வேன் போவதற்கு முன் வைத்ததில்லை.

அதன் பிறகு சாந்தாமணி வீட்டுக்குள் போய்த் தறியைப் போட்டாள். ஒவ்வொன்றாக மற்ற தறிகளும் ஓட ஆரம்பித்தன.